வட்டுத் துப்புரவுக் கருவிகள்: இயக்கமும் கோளாறு நீக்கமும்

வட்டுத் துப்புரவுக் கருவி என்பது, கணினியின் இயங்குதளம் தன் வேலைக்காக உருவாக்கிய கோப்புகளில் தேவை முடிந்துபோனவற்றைக் கண்டறிந்து நீக்கும் மென்பொருள். இது இயங்குதளத்துடன் சேர்ந்தே வருவதால் தனியாகப் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் 'டிஸ்க் கிளீனப்', 'ஸ்டோரேஜ் சென்ஸ்' ஆகிய இரண்டும் இவ்வகையின. சி டிரைவ் நிரம்பி, கணினி சிவப்புக் கோட்டைக் காட்டும் நேரத்தில்தான் பெரும்பாலானோர் இவற்றைத் திறக்கிறார்கள். அந்த நேரத்தில் கருவி உறைந்துபோவதும், திறந்த உடனே மூடிக்கொள்வதும், வேலை முடித்தும் இடம் கிடைக்காமல் போவதும் வீட்டுக் கணினிகளில் அடிக்கடி நேர்கின்றன. இக்கட்டுரை கருவிகளின் இயக்கத்தையும், அவை பழுதாகும் காரணங்களையும், வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய சீரமைப்பையும் விளக்குகிறது.

வரலாறு

டிஸ்க் கிளீனப் விண்டோஸ் 98 பதிப்புடன் அறிமுகமானது. அதன் இயங்குகோப்பின் பெயர் 'கிளீன்எம்ஜிஆர்'. விண்டோஸ் எக்ஸ்பி பதிப்பில் நெடுநாள் தொடாத கோப்புகளைச் சுருக்கிவைக்கும் வசதியும் இதில் இருந்தது. விண்டோஸ் 7 கணினிகளில் அப்டேட்டுகள் குவிந்து இடத்தை அடைத்துக்கொண்டபோது, பழைய அப்டேட் கோப்புகளை நீக்கும் 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' வசதி 2013 அக்டோபரில் ஓர் அப்டேட் வழியாகவே சேர்க்கப்பட்டது.

விண்டோஸ் 10இன் 2017 ஏப்ரல் பதிப்பில், தானாகவே இயங்கும் ஸ்டோரேஜ் சென்ஸ் வந்தது. 2018இல் வெளியான 1809 பதிப்போடு டிஸ்க் கிளீனப்பைக் கைவிடப்படும் கருவிகளின் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. எனினும் விண்டோஸ் 11லும் அது இயங்குகிறது. அதே 1809 பதிப்பில் டிஸ்க் கிளீனப்பின் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையும் ஒரு வரியாக இடம்பெற்றது. எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டு 'ஓகே' கொடுத்துப் பழகியவர்கள், இறக்கிவைத்த சான்றிதழ்களையும் விண்ணப்பங்களையும் அதனால் இழந்தனர். 2020இல் வந்த 2004 பதிப்பில் அந்த வரி டிஸ்க் கிளீனப்பிலிருந்து எடுக்கப்பட்டது. செட்டிங்ஸில் உள்ள தற்காலிகக் கோப்புகள் பக்கத்தில் டவுன்லோட்ஸ் இன்றும் இருக்கிறது. அங்கே டிக் போடுமுன் பார்த்துப் போட வேண்டும்.

செயற்படும் விதம்

டிஸ்க் கிளீனப் ஒற்றைக் கருவியைப் போலத் தோன்றினாலும், உண்மையில் அது பல சிறு துப்புரவு நிரல்களின் தொகுப்பு. ரீசைக்கிள் பின், தற்காலிகக் கோப்புகள், படங்களின் சிறுவடிவச் சேமிப்பு, பிழை அறிக்கைகள், அப்டேட் மிச்சங்கள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல் உண்டு. இவற்றின் பட்டியல் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் 'வால்யூம்கேஷஸ்' என்ற பிரிவில் பதிவாகியிருக்கிறது. கருவியைத் திறந்ததும் ஒவ்வொரு நிரலையும் அழைத்து, எவ்வளவு இடம் விடுவிக்க முடியும் என்று கேட்கிறது. 'கணக்கிடப்படுகிறது' என்று பச்சைக் கோடு ஓடுவது அப்போதுதான். இந்த வரிசையில் ஒரு நிரல் பதில் சொல்லாமல் நின்றாலும் முழுக் கருவியும் நின்றுவிடும். பெரும்பாலான உறைவுகளுக்கு மூலம் இதுவே.

சாதாரணமாகத் திறந்தால் அந்தப் பயனரின் கோப்புகள் மட்டுமே பட்டியலில் வரும். 'சிஸ்டம் கோப்புகளைத் துப்புரவு செய்' என்ற பொத்தானை அழுத்தி, நிர்வாகி அனுமதி கொடுத்த பிறகுதான் அப்டேட் மிச்சங்களும் 'விண்டோஸ் ஓல்ட்' எனும் பழைய பதிப்பும் தெரியும். கருவியை நிர்வாகியாகவே திறந்திருந்தால் அந்தப் பொத்தான் காணப்படாது. அது கோளாறு இல்லை; சிஸ்டம் கோப்புகள் முன்பே பட்டியலில் சேர்ந்துவிட்டன என்று பொருள்.

ஸ்டோரேஜ் சென்ஸ் வேறு முறையில் இயங்குகிறது. இயல்பான அமைப்பில், வட்டில் இடம் குறையும்போது தற்காலிகக் கோப்புகளையும், ரீசைக்கிள் பின்னில் 30 நாள் கிடந்தவற்றையும் தானே நீக்கும். ஆனால் அது இயங்குதளம் உள்ள டிரைவை மட்டுமே, அதாவது பெரும்பாலும் சி டிரைவை மட்டுமே கவனிக்கும். பயனர் கணினியில் நுழைந்து, இணையத்துடன் பத்து நிமிடத்துக்கு மேல் இணைந்திருந்தால்தான் இயங்கத் தொடங்கும். இணைய இணைப்பில்லாமல் பயன்படும் கணினியில் ஸ்டோரேஜ் சென்ஸ் வேலை செய்யவில்லை என்ற முறையீட்டுக்கு இதுவே விடையாக இருக்கக்கூடும்.

தமிழ்நாட்டு வீடுகளில் வட்டு இடம்

தமிழ்நாட்டின் கிராமப்புற வீடுகள் பலவற்றில் முதல் கணினி, அரசு தந்த மடிக்கணினிதான். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவால் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த அந்தக் கணினிகளில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் சேர்ந்தே நிறுவப்பட்டிருந்தன. முதற்கட்டக் கணினிகளில் 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. 2025–26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதற்கான கொள்முதல் குறிப்புகளில் 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் கேட்கப்பட்டன. எஸ்எஸ்டி வேகமானது, ஆனால் கொள்ளளவு முன்பைவிடக் குறைவு, அதற்குள் வந்து உட்காரும் விண்டோஸ் முன்பைவிடப் பெரியது. ஆகவே இடப் பற்றாக்குறை புதிய கணினிகளுக்கும் உரிய சிக்கலே.

பெட்டியில் 320 ஜிபி என்றிருந்தால் விண்டோஸ் ஏறத்தாழ 298 ஜிபி என்றும், 256 ஜிபி என்றிருந்தால் ஏறத்தாழ 238 ஜிபி என்றும் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தின் பெருக்கங்களிலும் விண்டோஸ் 1024இன் பெருக்கங்களிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு இது. காணாமல்போன அந்த இடத்தைத் தேடி எந்தத் துப்புரவும் செய்ய வேண்டாம்.

தர்மபுரி மாவட்டத்தில், ஜோலார்பேட்டை–சேலம் ரயில் பாதையில் உள்ள மொரப்பூர் ஓர் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். இத்தகைய ஊர்களில் கணினிக் கோளாறை நீக்குவதில் நகரத்து வழிகாட்டிகள் சொல்லாத இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது மின்சாரம். மின்வாரியத்தின் பராமரிப்புப் பணிக்காகப் பகல் முழுக்க மின்நிறுத்தம் அறிவிக்கப்படும் நாளில், யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் அப்டேட் கிளீனப் தொடங்கக் கூடாது. பாதியில் மின்சாரம் போனால் சிஸ்டம் கோப்புகளின் பதிவேடு பழுதாகக்கூடும். இரண்டாவது இணையம். கைபேசி ஹாட்ஸ்பாட்டில், நாளொன்றுக்கு 1.5 அல்லது 2 ஜிபி அளவுள்ள ரீசார்ஜில் இயங்கும் கணினிக்கு, பழுதான கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கிச் சரிசெய்யும் முறை பாதியிலேயே நின்றுவிடலாம். அதற்கான மாற்று வழி கீழே சொல்லப்பட்டுள்ளது. கணினியைத் தூக்கிக்கொண்டு தர்மபுரிக்கோ சேலத்துக்கோ போகும் முன், கீழே வரும் படிகளில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே செய்துபார்க்கலாம்.

தொடங்கும் முன்

முதல் வேலை, முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ நகலெடுப்பது. மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பட்டா, குடும்பப் படங்கள் ஆகியவற்றின் மின்பிரதிகள் பல வீடுகளில் அந்த ஒரு கணினியில் மட்டுமே இருக்கின்றன.

இரண்டாவது, இடத்தை எது பிடித்திருக்கிறது என்று பார்ப்பது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்ற வரிசையில் போனால் செயலிகள், படங்கள், தற்காலிகக் கோப்புகள் என வகைவாரியாகக் கணக்குத் தெரியும். துப்புரவுக் கருவி பெரும்பாலும் கணினி போட்ட குப்பையைத்தான் எடுக்கும். கைபேசியிலிருந்து மாற்றிய வாட்ஸ்அப் வீடியோக்களும் கல்யாண வீடியோவும் 100 ஜிபியைப் பிடித்திருந்தால், எத்தனை முறை டிஸ்க் கிளீனப் ஓட்டினாலும் பயன் இருக்காது.

மூன்றாவது, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்வது. 'ஷட் டவுன்' கொடுத்து மறுபடி இயக்குவது போதாது. விண்டோஸ் 8 முதல் உள்ள 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி, ஷட் டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் நிலையை அப்படியே சேமித்து அடுத்த முறை மீட்டெடுக்கிறது. பூட்டிய கோப்புகளும் பாதியில் நின்ற அப்டேட்டுகளும் விடுபடுவதற்கு ரீஸ்டார்ட்தான் வேண்டும்.

கோளாறுகளும் தீர்வுகளும்

1. கணக்கிடும்போதே நின்றுவிடுதல். எக்ஸ்பி காலத்தில் இதற்குப் பெயர்பெற்ற காரணம், பழைய கோப்புகளைச் சுருக்கும் நிரல். ரெஜிஸ்ட்ரியின் வால்யூம்கேஷஸ் பிரிவில் அந்த ஒரு பதிவை நீக்கினால் கருவி ஓடத் தொடங்கியது. விண்டோஸ் 10, 11 கணினிகளில் தற்காலிகக் கோப்புறையில் லட்சக்கணக்கான சிறு கோப்புகள் குவிந்திருப்பது, படங்களின் சிறுவடிவச் சேமிப்பு பழுதாவது, வட்டே மெதுவாவது ஆகியவை காரணமாகின்றன. முதலில் தற்காலிகக் கோப்புறையைக் கையால் காலிசெய்யலாம். விண்டோஸ் பொத்தானுடன் ஆர் விசையை அழுத்தி, இரு சதவீதக் குறிகளுக்கு நடுவே 'டெம்ப்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் அது திறக்கும். பயன்பாட்டில் உள்ள கோப்புகளை நீக்க முடியாது என்று விண்டோஸ் சொன்னால் அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கினால் போதும். பிறகு டிஸ்க் கிளீனப்பைத் திறந்து, ஒரே நேரத்தில் ஒரே ஒரு வகைக்கு மட்டும் டிக் கொடுத்து ஓட்டினால் எந்த நிரல் சிக்குகிறது என்பது தெரிந்துவிடும்.

2. அப்டேட் கிளீனப் முடியாமல் நீளுதல். இதை உறைவு என்று நினைத்துப் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் இந்தக் கட்டம் சிஸ்டம் கோப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து நீக்குவதால் இயல்பாகவே மெதுவானது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் மணிக்கணக்கில் எடுக்கும். உறைந்ததா, ஓடுகிறதா என்பதை டாஸ்க் மேனேஜரைத் திறந்து அறியலாம். அங்கே 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' என்ற செயல்முறை சிபியுவையோ வட்டையோ பயன்படுத்திக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது, காத்திருக்க வேண்டும். எண்கள் எல்லாம் நெடுநேரம் சுழியத்தில் கிடந்தால் மட்டுமே கருவியை மூடி ரீஸ்டார்ட் செய்யலாம். விண்டோஸ் 7 கணினிகளில் இந்த வேலையின் ஒரு பகுதி ரீஸ்டார்ட் ஆகும்போதுதான் நடந்தது. அப்போது திரையில் துப்புரவு நடப்பதாகச் செய்தி வரும். பவர் பொத்தானை அழுத்தி அணைக்கக் கூடாது.

காத்திருந்தும் முடியவில்லை என்றால், அப்டேட் கோப்புகளின் இறக்கக் கோப்புறையைப் புதுப்பிக்கலாம். சர்வீசஸ் பட்டியலில் 'விண்டோஸ் அப்டேட்', 'பிட்ஸ்' ஆகிய இரண்டையும் நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் 'சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்' என்பதன் உள்ளே இருக்கும் 'டவுன்லோட்' கோப்புறையின் உள்ளடக்கத்தை மட்டும் நீக்கிவிட்டு, இரண்டு சேவைகளையும் மீண்டும் தொடங்க வேண்டும். விண்டோஸ் தேவையானதை மறுபடி இறக்கிக்கொள்ளும். இதற்கு டேட்டா செலவாகும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

3. திறந்த உடனே மூடிக்கொள்ளுதல், பிழைச் செய்தி. இது பெரும்பாலும் சிஸ்டம் கோப்பு பழுதின் அடையாளம். கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகியாகத் திறந்து முதலில் 'டிஸம்' கருவியை 'ரீஸ்டோர்ஹெல்த்' தேர்வோடும், அது முடிந்தபின் 'எஸ்எஃப்சி' கருவியை 'ஸ்கேன்நவ்' தேர்வோடும் ஓட்ட வேண்டும். வரிசை முக்கியம்: எஸ்எஃப்சி தனக்கு வேண்டிய நல்ல கோப்புகளைச் சிஸ்டத்தின் உள்சேமிப்பிலிருந்து எடுக்கிறது, அந்தச் சேமிப்பையே சரிசெய்வது டிஸம். டிஸம் வழக்கமாக விண்டோஸ் அப்டேட்டிலிருந்து கோப்புகளை இறக்கும். டேட்டா குறைவாக உள்ள இடங்களில், அதே பதிப்புக்குரிய விண்டோஸ் நிறுவல் பென் டிரைவை மூலமாகக் காட்டி, இணையத்தைத் தொட வேண்டாம் என்ற 'லிமிட்ஆக்ஸஸ்' தேர்வையும் சேர்த்தால் இறக்கம் இல்லாமலே சரிசெய்யலாம்.

4. காட்டிய அளவுக்கு இடம் கிடைக்காமல் போதல். சில வேளைகளில் கருவி சொல்லும் கணக்கே தவறாக இருக்கும். விண்டோஸ் 10 கணினிகளில் 2016 வாக்கில், மொத்த வட்டே சில நூறு ஜிபி மட்டுமே இருக்க, 3.99 டிபி அளவுக்கு நீக்கலாம் என்று டிஸ்க் கிளீனப் காட்டியது. விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டு 24எச்2 பதிப்பில், எத்தனை முறை துடைத்தாலும் 8.63 ஜிபி அப்டேட் மிச்சம் அப்படியே இருப்பதாகத் தெரிந்தது. அது கணக்குக் காட்டுவதில் உள்ள பிழை, இடம் உண்மையில் விடுபட்டுவிட்டது என்று மைக்ரோசாஃப்ட் விளக்கியது. ஆகவே கருவியின் எண்ணை நம்பாமல், துப்புரவுக்கு முன்னும் பின்னும் சி டிரைவின் காலியிடத்தைக் குறித்துவைத்து ஒப்பிடுவதே சரியான சோதனை.

கணக்கு சரியாக இருந்தும் இடம் போதவில்லை என்றால், கருவியின் பட்டியலில் வராத மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, உறக்கநிலைக் கோப்பு. விண்டோஸ் 10இல் இது இயல்பாக நினைவகத்தின் 40% அளவுக்கு, அதாவது 8 ஜிபி நினைவகத்துக்கு 3 ஜிபிக்கு மேல் இருக்கும். 'பவர்சிஎஃப்ஜி' கட்டளையால் உறக்கநிலையை நிறுத்தினால் அந்த இடம் விடுபடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் கூடவே நின்றுவிடும். இரண்டு, மீட்புப் புள்ளிகள். சிஸ்டம் ப்ரொடக்‌ஷன் பகுதியில் இவற்றுக்கான உச்ச அளவைக் குறைக்கலாம். மூன்று, விண்டோஸ் 10இன் 2019 மே பதிப்பிலிருந்து புதிய கணினிகளில் அப்டேட்டுக்காக ஒதுக்கிவைக்கப்படும் ஏறத்தாழ 7 ஜிபி. அப்டேட் நடுவில் இடமின்றி நிற்காமலிருக்கத்தான் இந்த ஒதுக்கீடு; இதை விட்டுவைப்பதே நல்லது.

5. இடம் மீண்டும் மீண்டும் நிரம்புதல். காலையில் 10 ஜிபி விடுவித்து மாலையில் அது காணாமல்போனால், ஏதோ ஒரு நிரல் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறது. இதற்குத் தெளிவான உதாரணம் விண்டோஸ் 7 கணினிகளில் நேர்ந்த பதிவுக்கோப்புச் சிக்கல். சிஸ்டம் பாகங்களின் நிறுவலைப் பற்றிக் குறிப்பெழுதும் 'சிபிஎஸ்' என்ற பதிவுக்கோப்பு உண்டு. அது வளர்ந்ததும் விண்டோஸ் அதை 'கேப்' வடிவில் சுருக்கிவைக்கும். ஆனால் கேப் வடிவம் 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. பதிவுக்கோப்பு அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் சுருக்கும் முயற்சி தோற்கும். தோற்ற முயற்சியின் மிச்சம் 'விண்டோஸ்' கோப்புறையின் 'டெம்ப்' பகுதியில் 'கேப்' என்று தொடங்கும் பெயரில் தங்கும். சற்று நேரத்தில் மறுமுயற்சி. மறுபடி ஒரு மிச்சம். இப்படியே வட்டு முழுவதும் நிரம்பிவிடும். டெம்ப்பை மட்டும் காலிசெய்தவர்களுக்கு மறுநாளே அதே நிலை வந்தது. பெருத்துப்போன பதிவுக்கோப்பையும் சேர்த்து நீக்கியவர்களுக்குத்தான் தீர்வு கிடைத்தது. நிரம்பிய இடத்தைத் துடைப்பதோடு நிற்காமல், நிரப்புவது எது என்று தேட வேண்டும் என்பதற்கு இது சான்று. ஒன்டிரைவ் ஒத்திசைவு, கைபேசி பேக்கப், ஆன்டிவைரஸ் தனிமைப்படுத்திய கோப்புகள் ஆகியவையும் இதே வகையில் இடத்தைத் தின்னக்கூடும்.

6. ரீசைக்கிள் பின் காலியாகாமை. 'ரீசைக்கிள் பின் பழுதாகியுள்ளது' என்ற செய்தி வந்தால், அந்த டிரைவில் மறைந்திருக்கும் ரீசைக்கிள் பின் கோப்புறையையே நிர்வாகிக் கமாண்ட் பிராம்ப்ட்டிலிருந்து நீக்கிவிடலாம். விண்டோஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அதில் கிடந்தவை அனைத்தும் போய்விடும் என்பதால், மீட்க வேண்டியது இருந்தால் முன்பே எடுத்துவிட வேண்டும்.

7. வட்டே பழுதாதல். துப்புரவு நிற்பதோடு, கோப்பு திறக்க நிமிடக்கணக்கில் ஆவது, டாஸ்க் மேனேஜரில் வட்டுப் பயன்பாடு ஓயாமல் 100% காட்டுவது, டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்ற சத்தம் வருவது ஆகியவை சேர்ந்திருந்தால் மென்பொருளில் குறையைத் தேடுவதை நிறுத்த வேண்டும். இந்த நிலையில் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனும் தளர்ந்த வட்டுக்குச் சுமை. முதலில் கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு, பிறகே 'செக்டிஸ்க்' ஓட்ட வேண்டும். அதன் 'எஃப்' தேர்வு கோப்பு அமைப்பின் பிழைகளை மட்டும் திருத்தும். 'ஆர்' தேர்வு பழுதான பகுதிகளையும் தேடும். பெரிய ஹார்ட் டிஸ்க்கில் அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். வட்டின் உடல்நிலையை 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் காட்டும். விண்டோஸ் 11இல் என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகளின் மீதமுள்ள ஆயுளைச் செட்டிங்ஸிலேயே பார்க்கலாம்.

கைவைக்கக் கூடாதவை

விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' பலருடைய கண்ணை உறுத்தும். பல ஜிபி அளவு காட்டும் அதை மொத்தமாக நீக்கிவிட்டால் விண்டோஸ் இயங்காமல் போகலாம். அங்குள்ள கோப்புகளில் பெரும்பகுதி, ஒரே கோப்புக்கு இரண்டு இடங்களில் பெயர் வைத்திருப்பது போன்ற இணைப்புகள். எக்ஸ்புளோரர் அவற்றை இரண்டு முறை எண்ணுவதால் அளவு மிகையாகத் தெரிகிறது. டிஸம் கருவியின் 'அனலைஸ்' தேர்வை ஓட்டினால், எக்ஸ்புளோரர் காட்டும் அளவு, உண்மையான அளவு, துப்புரவு தேவையா என்ற மூன்றும் தனித்தனி வரிகளாக வரும். தேவை என்று சொன்னால் மட்டும் 'ஸ்டார்ட் காம்போனென்ட் கிளீனப்' தேர்வை ஓட்டலாம். விண்டோஸ் இதைத் தானாகச் செய்யும்போது, புதிய அப்டேட் வந்து 30 நாள் கழிந்த பிறகே பழையதை நீக்கும். கையால் ஓட்டினால் அந்தக் காத்திருப்பு இல்லை. 'ரீசெட்பேஸ்' தேர்வைச் சேர்த்தால் இன்னும் சிறிது இடம் கிடைக்கும். ஆனால் நிறுவிய அப்டேட்டுகளை அதன்பின் திரும்ப எடுக்க முடியாது.

'விண்டோஸ் இன்ஸ்டாலர்' கோப்புறையும் அப்படியே. அதை அழித்தால், பின்னால் ஆஃபிஸ் போன்ற மென்பொருள்களைத் திருத்தவோ நீக்கவோ முடியாமல் போகும். 'விண்டோஸ் ஓல்ட்' கோப்புறையை டிஸ்க் கிளீனப் வழியாக நீக்கலாம். அதன்பின் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டும் அதை வழக்கமாகப் பத்து நாளில் தாமே நீக்கிவிடும்.

பாஸ் லினக்ஸில்

பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. எனவே 'ஆப்ட்' கருவியே அங்கே துப்புரவையும் செய்கிறது: 'கிளீன்' தேர்வு இறக்கிவைத்த நிறுவல் கோப்புகளையும், 'ஆட்டோரிமூவ்' தேர்வு யாருக்கும் தேவைப்படாத மென்பொருள்களையும் நீக்கும். லினக்ஸ் பகுதி முழுவதும் நிரம்பிவிட்டால் கடவுச்சொல் சரியாக இருந்தும் நுழைவுத் திரையே திரும்பத் திரும்ப வரக்கூடும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், அங்கே துப்புரவுக் கட்டளையைக் கொடுத்தால் மீளலாம். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்துள்ள கணினியில், ஒன்றின் கருவி மற்றொன்றின் பகுதியைத் துடைக்காது. லினக்ஸ் பகுதி வேண்டாம் என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதை அழித்துவிட்டால், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் தொடக்க நிரல் உடைந்து, கணினி விண்டோஸுக்குள்ளும் போகாமல் நிற்கலாம். இதை அனுபவமுள்ளவர் துணையின்றிச் செய்யலாகாது.

வெளியார் மென்பொருள்கள்

ஒரே சொடுக்கில் கணினியைச் சுத்தமாக்கித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் ஏராளம். அவற்றில் மிகப் பெயர்பெற்ற சிகிளீனரின் 5.33 பதிப்பில், 2017 ஆகஸ்ட்–செப்டம்பரில் ஊடுருவியவர்கள் தீநிரலைப் புகுத்தினர். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தே பரவிய அந்தப் பதிப்பு ஏறத்தாழ 22.7 லட்சம் கணினிகளில் நிறுவப்பட்டது. நம்பகமான நிறுவனத்தின் மென்பொருளுக்கே இது நேர்ந்தது என்றால், திருட்டுப் பதிப்புகளாகப் பென் டிரைவில் கைமாறும் துப்புரவு மென்பொருள்களின் ஆபத்தைச் சொல்லவே வேண்டாம். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம்செய்யும் வசதிகளால் வேகம் கூடுவதில்லை. தவறான பதிவை அவை நீக்கிவிட்டால் இயங்கிக்கொண்டிருந்த மென்பொருளும் நின்றுபோகும்.

மதிப்பீடு

இயங்குதளத்தோடு வரும் துப்புரவுக் கருவிகள் வீட்டுக் கணினிக்குப் போதுமானவை. அவை பழுதானால், பெரும்பாலும் பழுது வேறிடத்தில் இருக்கிறது: சிஸ்டம் கோப்புகளில், கோப்பு அமைப்பில், அல்லது வட்டில். நகலெடுத்தல், ரீஸ்டார்ட், தற்காலிகக் கோப்புறையைக் காலிசெய்தல், டிஸம், எஸ்எஃப்சி, இறுதியில் செக்டிஸ்க் என்ற வரிசையை மாற்றாமல் பின்பற்றினால், விண்டோஸை அழித்து மறுபடி நிறுவ வேண்டிய நிலை அரிதாகவே வரும். வட்டு பழுதாகத் தொடங்கிவிட்டது என்று தெரிந்தால் மட்டும் முதல் படியான நகலெடுத்தலை முடித்துவிட்டு, இடையிலுள்ள படிகளை விட்டு நேரே செக்டிஸ்க்குக்குப் போக வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அந்தப் பதிப்பில் இயங்கும் பழைய கணினிகளில் இனிச் சிஸ்டம் பழுதைச் சரிசெய்வதைவிடக் கோப்புகளைக் காப்பதே முதற்கடமை. சி டிரைவில் குறைந்தது பத்தில் ஒரு பங்கை எப்போதும் காலியாக வைத்திருங்கள். சான்றிதழ்களின் மின்பிரதியைக் கணினிக்கு வெளியே இன்னோர் இடத்திலும் வைத்திருங்கள்.